உப்பு பூத்த தொட்டி

தொட்டியின் விளிம்பைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம். விரலால் சுரண்டினால் மாவு மாதிரி உதிர்ந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரிப்பு, அடியில் லேசான கசப்பு. "ஏனுங்கப்பா, அதப் போயி வாயில வெக்கறீங்க" என்று மகள் முகம் சுளித்தாள். முப்பத்தைந்து வருஷம் கோயமுத்தூர் கணபதியில் மோட்டாருக்குக் காயில் சுற்றியவன் நான். போர்வெல்லிலிருந்து கழற்றிக்கொண்டு வரும் சப்மெர்சிபிள் பம்பின் உடம்பில் இதே வெள்ளை ஓடு ஓடாகப் பிடித்திருக்கும். கொட்டாப்புளியால் தட்டித்தான் எடுக்க வேண்டும். பழைய ஆள்தான், இப்போது ஹாலில் நிற்கும் அலங்காரப் பனையின் காலடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

சாயிபாபா காலனியில் மூன்றாவது மாடி. மகளின் கிரகப்பிரவேசத்துக்கு அவளோடு வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த செடி இது. நர்சரியில் அரிக்கா பாம் என்பார்கள். பேர்தான் அரிக்கா, இதில் வெற்றிலைக்குப் போடும் பாக்கு காய்க்காது. மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த சாதி. பிறந்த தீவில் குறைந்துகொண்டே போகிறது. உலகத்து ஹால்களிலோ சோபாவுக்குப் பக்கத்தில் ஒன்று நிற்கிறது. இதன் தண்டும் மட்டைக் காம்பும் இயல்பாகவே மஞ்சள்தான், அதற்குப் பயப்பட வேண்டாம். எனக்கு வெசனம் கொடுத்தது இலைகள். ஒவ்வொரு இதழின் நுனியும் பீடி நெருப்பு பட்டதுபோல் ஒரு அங்குலம் கருகியிருந்தது. கருகலுக்கும் பச்சைக்கும் நடுவே நூல் கனத்தில் ஒரு மஞ்சள் கோடு. அடி மட்டைகளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஆரஞ்சு நிறத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள். புதிதாக விரிந்த மட்டையோ வேறு மாதிரி: நரம்பெல்லாம் பச்சை, நரம்புக்கு நடுவில் வெளிர்மஞ்சள்.

லாலி ரோடு விவசாயக் கல்லூரிப் பண்ணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் எனக்குப் பழக்கம். சைதாப்பேட்டையில் இருந்த விவசாயப் படிப்பு 1906-ல் கோவைக்கு வந்தபோது சென்னை மாகாணத்துக்குக் கவர்னர் ஆர்தர் லாலி. அவர் பேரில்தான் அந்த ரோடு. கல்லூரி 1971-ல் பல்கலைக்கழகமாகியும் ஊருக்கு அது இன்றைக்கும் விவசாயக் கல்லூரிதான். ஒரு மட்டையை வெட்டி நியூஸ் பேப்பரில் சுருட்டிக்கொண்டு போனேன். அண்ணன் அதை மூக்குக் கண்ணாடிக்குக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். உரம் என்ன வைக்கிறாய் என்று கேட்கவில்லை.

"என்ன தண்ணிப்பா வாக்கற?"

கோயமுத்தூரில் இந்தக் கேள்விக்கு அர்த்தம் உண்டு. வெளியூர்க்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் தண்ணீர். எங்களுக்கு இரண்டு வகை: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. வீட்டில் இரண்டு குழாய், இரண்டு தொட்டி. பெண் பார்க்கப் போகிற இடத்திலும் வாடகைக்குப் போகிற இடத்திலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "நல்ல தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா வருது?"

இந்த ஊர் மழை மறைவில் இருக்கிறது. மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வரும், ஈரம் மலைக்கு அந்தப் பக்கமே இறங்கிவிடும். மண்ணைத் தோண்டினால் பல இடங்களில் சுக்கான் கல். நாலடி தாண்டினால் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள் வரும். தெற்கே மதுக்கரையில் சுண்ணாம்புப் பாறையை நம்பித்தான் 1934-ல் சிமெண்டு ஆலையே வந்தது. அப்படிப்பட்ட பூமியில் ஊறி வரும் கிணற்றுத் தண்ணீர் சவர்க்காமல் என்ன செய்யும்? நொய்யலில் அணை கட்டி, வாய்க்கால் வெட்டி, பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர்க் குளம் என்று ஒன்றன் வடிகால் இன்னொன்றுக்குப் போகிற மாதிரி முன்னோர்கள் அமைத்தது வயலுக்கும் கிணற்று ஊற்றுக்கும்தான். ஊருக்குள்ளே குடிக்க ஒரு குடம் நல்ல தண்ணீருக்குப் பெண்கள் நடந்த நடை கொஞ்சமல்ல.

1866-ல் இது முனிசிபாலிட்டி ஆனது, 1888-ல் ஸ்டேன்ஸ் துரையின் நூல் மில் வந்தது, அப்புறம் பிளேக் வந்தது. ஜனம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்தது. சிறுவாணி மலையில் முத்திக்குளத்துப் பக்கம் விழுந்து மேற்கே ஓடுகிற தண்ணீரைக் கிழக்கே திருப்பலாம் என்று 19-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே சொன்னவர் சே.ப. நரசிம்மலு நாயுடு. பத்திரிகை நடத்தினார், புத்தகம் எழுதினார், மேடையில் பேசினார். காட்டுக்குள் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொன்னார். நடக்கிற காரியமா என்று சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள். 1920-களில் நகரசபைத் தலைவராக இருந்த சி.எஸ். ரத்தினசபாபதி முதலியார் விடாப்பிடியாக நின்றதால்தான் மலையைக் குடைந்து தண்ணீர் இந்தப் பக்கம் வந்தது. நரசிம்மலு நாயுடு 1922-லேயே போய்விட்டார்; ஒரு டம்ளர் குடித்துப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. முதலியாருக்கு ஊர் ஆர்.எஸ். புரம் என்று பேர் வைத்தது. அங்கே வீடு வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஆரும் எஸ்ஸும் யாரென்று தெரியும் என்பது வேறு கதை.

சிறுவாணி உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணி என்று எங்கள் ஊரில் பிறந்த குழந்தைகூடச் சொல்லும். யார் ஊர் ஊராகக் குடித்து மார்க் போட்டார்கள் என்று கேட்டால் முறைப்பார்கள். எனக்கு மார்க் வேண்டாம். மகள் வீட்டுக்கு ஆர்.ஓ. சர்வீஸ் பையன் வந்தபோது தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற அவனுடைய டி.டி.எஸ். மீட்டரை வாங்கி நானே முக்கிப் பார்த்தேன். சமையலறைக் குழாயில் சிறுவாணி: 40-ஐத் தாண்டவில்லை. குளியலறைக் குழாயில் போர் தண்ணி: 1,420. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை குடிக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தரக் கணக்கு. மனுஷனுக்கு அப்படி. தொட்டிக்குள் இருக்கிற வேருக்கு அந்தச் சலுகை கிடையாது. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு போகாது. இன்றைக்கு ஊற்றியது நேற்றையதோடு சேரும். வேர் வழியாக ஏறினதை இலை நுனி வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு நீர் மட்டும் காற்றில் கலந்துவிடும். போக இடமில்லாத உப்பு நுனியில் தங்கிச் சுடும். முதலில் நுனி கருகுவது அதனால்தான்.

அந்தப் போர் தண்ணிக்கும் எனக்கும் கணக்கு இருக்கிறது.

எங்கள் அப்பாரு அன்னூர்ப் பக்கம் மானாவாரிக்காரர். ஒரே ஒரு கிணறு, கவலை ஏற்றம். இரண்டு எருதுகள் சரிவில் இறங்கினால் பறி மேலே வரும்; பின்னால் நடந்து ஏறினால் பறி உள்ளே போகும். பின்னால் நடக்க எருதைப் பழக்குவதே ஒரு வித்தை. பொழுது ஏற ஏற மாட்டுக்கு மூச்சு வாங்கும், பூட்டு அவிழ்ப்பார்கள். மாடு இளைப்பாறுகிற நேரத்தில் கிணறும் ஊறிக்கொள்ளும். அதற்கு மேல் எடுக்க யாராலும் முடியாது.

1932-ல் நீலகிரியில் பைகாரா மின்நிலையம் ஓடத் தொடங்கியது. கம்பி கீழே இறங்கியதும் மில்கள் பெருகின. மில்லுக்கு உதிரி செய்கிற பட்டறைகள் பெருகின. 1937 வாக்கில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இங்கேயே மோட்டார் செய்துகாட்டினார்கள். பிறகு பீளமேடும் கணபதியும் தெருவுக்குத் தெரு லேத்தாக மாறின. நாட்டில் எந்த மூலைக்குப் போய்ப் பம்ப்செட்டைத் திருப்பிப் பார்த்தாலும் எங்கள் ஊர்ப் பேர் இருக்கும். நான் பட்டறையில் சேர்ந்தபோது 80 அடிக் கிணற்றுக்கு மோனோபிளாக் போதும். அப்புறம் ஜெட், அப்புறம் கம்ப்ரசர், அப்புறம் நீர்மூழ்கி. 200 அடிக்கு மோட்டார் கேட்டவர்கள் 500-க்கு வந்தார்கள். நான் வெளியே வருகிறபோது 1,000 அடிக்குக் கேட்டார்கள், நாங்களும் பெருமையாகச் செய்து கொடுத்தோம். மாட்டுக்கு மூச்சு வாங்கும். காயிலுக்கு வாங்காது, தண்ணி தீர்ந்தபிறகு எரியும், அவ்வளவுதான். எரிந்த வாசனையோடு எங்களிடமே வரும். அடிக்கு அடி பாறைக்குள் இறங்க இறங்கப் பல இடங்களில் தண்ணீரின் உப்பும் ஏறியது. பம்பின் மேல் வெள்ளை தடித்துக்கொண்டே வந்தது. கூலிக்குத் தட்டி எடுத்தோம். அதைப் பற்றிப் பேசிக்கொண்டதாக ஞாபகம் இல்லை.

தொட்டியில் பனை வைக்கும் வழக்கத்துக்கு வருகிறேன். அது வெள்ளைக்காரன் குளிரில் பிடித்துக்கொண்ட ஆசை. 1829-ல் லண்டனில் நத்தானியேல் வார்டு என்ற டாக்டர் மூடின கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு பெரணிச் செடி தானாக முளைத்திருப்பதைப் பார்த்தார். அதிலிருந்து கண்ணாடிப் பெட்டி செய்து, கப்பலில் வெப்ப நாட்டுச் செடிகளை உயிரோடு ஏற்றி இறக்க வழி பிறந்தது. நிலக்கரிப் புகையும் காஸ் விளக்கும் இருந்த அந்த ஊர் ஹால்களில் தாக்குப்பிடித்தவற்றில் பனைச் சாதிகளும் உண்டு. பனையும் தென்னையும் வாசலில் நிற்கிற எங்களுக்கு அதை வீட்டுக்குள் வைக்க என்ன அவசியம்? சின்ன வயதில் ரேஸ் கோர்ஸ் பங்களா ஒன்றின் வராந்தாவில்தான் தொட்டிப் பனையை முதலில் பார்த்தேன். மோட்டாரைத் தூக்கிக்கொண்டு பின் வாசல் வழியாகப் போனவன், பித்தளைப் பூண் போட்ட மரத்தொட்டியில் நிற்கிற அதைப் பார்த்துத் தென்னங்கன்றை ஏன் நட மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இப்போதைய ஆசைக்குக் காரணம் வேறு. காற்றைச் சுத்தம் பண்ணும் என்கிறார்கள். 1989-ல் அமெரிக்க விண்வெளி நிறுவனம் மூடின அறைக்குள் செய்த சோதனையிலிருந்து கிளம்பின பேச்சு. சாதாரண வீட்டில் அந்தப் பலன் கிடைக்க ஒரு சதுர மீட்டருக்குப் பத்துச் செடிக்கு மேல் வேண்டும் என்று 2019-ல் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். மகளிடம் சொன்னேன். "பச்சையா இருக்குதல்லங்கப்பா, அது போதும்" என்றாள். அது சரியான பதில்.

ஆனால் பச்சையாக இல்லையே. அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில் தேடியபோது இன்னொன்று தெரிந்தது. செடிக்குப் போர் தண்ணிகூட ஊற்றவில்லை. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று பக்கெட்டில் பிடித்து, நாள் தவறாமல் பேத்தி ஊற்றியிருக்கிறாள். "நாந்தானுங் அப்பிச்சி தண்ணி காப்பாத்தறேன்." ஸ்கூலில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எந்த மாதம் சிறுவாணி குறைந்தாலும் மெஷினுக்குப் போர் தண்ணியைத் திருப்பிவிடுகிறார்கள். ஒரு குடம் குடிதண்ணீருக்கு இரண்டு மூன்று குடம் கழிவு. அந்த பக்கெட்டில் மீட்டரை முக்கினேன். 2,180. குழந்தையைத் திட்ட வாய் வரவில்லை. வீணாக்காதே என்று சொன்னவர்கள் எதற்கு ஊற்றலாம் என்று சொல்லவில்லை. தரை துடைக்கலாம், கக்கூஸ் கழுவலாம். பனைக்கு ஆகாது.

தென்னைக்கு ஊற்றியிருந்தால் பொறுத்திருக்கும். கடற்கரையில் நிற்கிற மரம் அது, சவர்த் தண்ணிக்கு மசியாது. பாக்கு அப்படியல்ல. எங்கள் ஜில்லாவில் பாக்குத் தோப்பு எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்: தொண்டாமுத்தூர், ஆலாந்துறை, பூண்டி. எல்லாம் நொய்யல் பிறக்கிற மலையடிவாரம். கிழக்கே சூலூர்ப் பக்கம் வர வரப் பாக்கு காணாமல் போகும், தென்னை நிற்கும்; அதையும் தாண்டினால் கருவேலும் பனைமரமும். தண்ணீரை ருசி பார்க்காமலே எங்கே நல்ல தண்ணி என்று மரத்தை வைத்துச் சொல்லிவிடலாம். அண்ணன் இதை வெகு சாதாரணமாகச் சொன்னார். ஜில்லா முழுக்க மோட்டார் இறக்கப் போன எனக்கு அது வரைக்கும் தோன்றியதில்லை. வீட்டுப் பனைக்குப் பாக்கின் பேர் மட்டும் இல்லை, நாக்கும் அதே நாக்கு.

மஞ்சள் என்றாலே சம்பந்தி வீட்டில் வேறு பயம். ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு அவர்களுக்கு. பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால் வந்தபிறகு பொள்ளாச்சி சுற்றுவட்டாரமே தென்னையானது. 2016-ல் இந்தியாவிலேயே முதன்முதலாகச் சுருள் வெள்ளை ஈயைக் கண்டதும் அங்கேதான். மட்டையின் அடிப்பக்கம் மாவு தூவி வட்டம் வட்டமாகக் கோலம் போட்டதுபோல் முட்டை; மேலே பிசுபிசுப்பு; அதில் கரும்பூசணம். அந்த வருஷம் பருவமழை பொய்த்து, அடுத்த வருஷம் சிறுவாணி அணையே தரை தட்டி, ஊருக்குள் நல்ல தண்ணி பத்துப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்தது. இப்போது கேரளா வாடல். 1882 வெள்ளத்துக்குப் பிறகு கோட்டயத்துப் பக்கம் ஈராற்றுப்பேட்டையில் தென்பட்ட நோய், நூறு வருஷத்துக்கு மேல் நடந்து கணவாய் தாண்டி வந்துவிட்டது. ஓலை மஞ்சளித்து, இதழ்கள் விலா எலும்பு மாதிரி வளைந்து தொங்கும். மருந்து இல்லை. சம்பந்தி எங்கள் ஹாலுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே பனையைப் பார்த்து, "இதும் மஞ்சளா?" என்றார். உட்காரவேயில்லை. மட்டையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். ஈ இல்லை என்று தெரிந்ததும்தான் காபி வாங்கிக்கொண்டார். ஈ இருந்திருந்தால் வைத்தியம் எளிது: தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவி, மைதாக் கரைசலைத் தெளிப்பது. காய்ந்தால் கரும்பூசணம் அப்பளம் மாதிரி உரிந்து விழும். தோப்பில் செய்கிறார்கள், தொட்டிக்கும் அதுதான்.

எங்கள் பனைக்கு அண்ணன் சொன்னபடி செய்தோம். முதலில் கத்தரியைப் பிடுங்கி வைத்துவிட்டார். மஞ்சளான அடி மட்டையை அழகு பார்த்து வெட்டக் கூடாது. பனைச் சாதி சாம்பல் சத்தைப் பழைய மட்டையிலிருந்து உறிஞ்சித்தான் குருத்துக்குக் கொடுக்கும். வெட்டினால் மஞ்சள் அடுத்த மட்டைக்கு ஏறும். முழுக்கக் காய்ந்ததை மட்டும் எடுக்கலாம். கருகின நுனியை வெட்டினாலும் பழுப்பிலேயே ஒரு நூல் விட்டு வெட்ட வேண்டும், பச்சையில் கத்தரி படக் கூடாது.

அப்புறம் கழுவல். தொட்டியைப் பால்கனி சாக்கடைக்கு மேல் தூக்கி வைத்து, தொட்டி கொள்கிற அளவைப்போல் இரண்டு மடங்கு நல்ல தண்ணி, மெதுவாக, அடித் துளை வழியாக ஓடிப்போகிற மாதிரி. முதலில் டீ நிறத்தில் வந்தது, கடைசியில் தெளிந்தது. மீட்டர் 3,000-க்கு மேல் காட்டியது 600-க்கு இறங்கியது. அடித்தட்டில் தேங்கினதைக் கொட்டிவிட வேண்டும். இல்லையென்றால் வடிந்த உப்பையே மறுபடி குடிக்கும். மண்ணையும் மாற்றினோம்: செம்மண், ஆற்று மணல், பொள்ளாச்சி நார்க்கழிவு. நார்க்கழிவிலும் உப்பு உண்டு. பொள்ளாச்சியில் ஏற்றுமதிக்குக் கட்டி போடுகிறவர்கள் கழுவினதை லோ ஈ.சி. என்றும் கழுவாததை ஹை ஈ.சி. என்றும் பிரித்து விலை வைக்கிறார்கள். லோ ஈ.சி. கேட்டு வாங்குங்கள். புது மட்டையின் வெளிர்மஞ்சளுக்குக் காரணம் இரும்புச் சத்து இல்லாததல்ல, சுண்ணாம்புத் தண்ணியில் அது வேருக்குக் கிடைக்காமல் போவது. தண்ணியை மாற்றினால் பாதி சரியாகும்.

தண்ணியை மாற்றுவதில்தான் வீட்டில் சண்டை. வாரத்துக்கு ஒருமுறை வருகிற சிறுவாணியில் இரண்டு குடத்தை நான் ஹாலுக்குத் தூக்கிக்கொண்டு போவதை வீட்டம்மா பார்த்துவிட்டாள். "குடிக்கற தண்ணியக் கொண்டுபோயி செடிக்கு வாக்கறீங்களே, நல்லா இருக்குதுங்களா? எங்காத்தா ஒரு கொடத்துக்கு ரெண்டு மைல் நடந்தாங்க." அவள் சொல்வதில் தப்பில்லை. மலையைக் குடைந்து கொண்டுவந்த தண்ணீரை அலங்காரச் செடிக்கு ஊற்றுவது எனக்கும் கூசத்தான் செய்தது.

அதனால் ஐப்பசி மழைக்கு முன்னால் மொட்டை மாடிக் குழாயில் ஒரு வளைவு போட்டு, 200 லிட்டர் டிரம் வைத்தேன். பட்டறைப் பழக்கம் கை விட்டுப் போகவில்லை, வால்வும் நானே வைத்தேன். முதல் மழையை வெளியே விட்டு, இரண்டாவது மழையைப் பிடித்தோம். மீட்டர் 22 காட்டியது. பேத்திக்குக் காட்டினேன்; சிறுவாணியவே முந்திருச்சுங் அப்பிச்சி என்று குதித்தாள்.

நாலு நாள் கழித்துப் பார்த்தால் டிரம்மில் பாதிதான் இருந்தது. பனைக்கு ஊற்றினது ஒரு சொம்பு. கசிகிறதோ என்று வால்வைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தபோது சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. வீட்டம்மா கரண்டியில் துவரம்பருப்பை எடுத்து வந்து விரலால் நசுக்கிக் காட்டினாள். உப்புத் தண்ணியில் நாலு விசிலுக்கும் மசியாதது, இரண்டே விசிலில் வெண்ணெயாக இருந்தது.

"மூடி போட்டு வெய்யுங்க, தூசி உளுகுது" என்று சொல்லிவிட்டு இன்னொரு குடம் மொண்டுகொண்டு போனாள்.